மோசடி என்று எழுதுவதற்கு முன்

கொங்கு நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களையே பெரும்பாலும் நம்பி வக்கீல் தொழில் நடத்தி வருகிறவன் நான். என் மேஜைக்கு எதிரே வந்து அமரும் கட்சிக்காரர்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும், எந்தத் தொழிலைச் செய்பவர்களாயிருந்தாலும், தங்கள் விருத்தாந்தத்தைச் சொல்லத் தொடங்கும்போது அவர்கள் வாயில் முதலில் வந்து விழும் சொற்கள் அநேகமாக ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. மஞ்சள் மூட்டைகளைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலையும் வியாபாரி, "நாமம் போட்டுட்டானுங்க" என்பார். தீபாவளிச் சீட்டுக்கு வாராவாரம் பணம் கட்டிவிட்டு, சீட்டு நடத்தியவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன பிறகு வந்து நிற்கும் பெண், "மோசம் போயிட்டேனுங்க வக்கீலய்யா" என்பாள். மகனுடைய வெளிநாட்டு வேலைக்கென்று தோட்டத்தை அடமானம் வைத்துக் கொடுத்த தகப்பனார், "நம்ப வெச்சுக் கழுத்தறுத்துப்போட்டான்" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் பேச முடியாமல் இருப்பார். பித்தலாட்டம், தில்லுமுல்லு, புரட்டு, வஞ்சகம், ஃபோர் ட்வென்டி வேலை என்று ஜனங்களின் நாவில் தனித்தனிச் சாயலோடு புழங்கும் இத்தனை சொற்களும், காவல் நிலைய எழுத்தரின் பேனாவுக்கோ வக்கீல் குமாஸ்தாவின் தட்டச்சு இயந்திரத்துக்கோ வந்து சேர்ந்தவுடன், தங்கள் சாயலை இழந்து 'மோசடி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. "ஆசை வார்த்தை கூறி, மோசடி செய்யும் தீய எண்ணத்துடன்" என்ற தொடர் இல்லாத பணப் பிராதை எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் காண்பது துர்லபம்.

நான் எந்த மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேனோ, அவர் இந்தத் தொடரை அவ்வளவு சுலபமாக எழுத அனுமதிக்கமாட்டார். கட்சிக்காரர் தம் கதையை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பணம் வாங்கின அன்னைக்கு அவர் என்ன சொன்னாருங்க? அது அன்னைக்கே பொய்யா, இல்லை பின்னால பொய்யாப் போச்சா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார். வந்தவர் பெரும்பாலும் திகைப்பார். அவர் அனுபவித்துக்கொண்டிருப்பது இன்றைய நஷ்டம்; அவர் மனத்தில் கொதிப்பது நேற்று வீட்டு வாசலில் நின்று கேட்ட அவமரியாதையான பதில். பணம் கைமாறிய அந்த முதல் நாளில் எதிராளியின் அந்தரங்கத்தில் என்ன இருந்தது என்பதை அவர் அதுவரை ஒரு விஷயமாகவே எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். "தம்பி, இந்த வழக்கோட உயிர் அந்த ஒரு நாள்லதான் இருக்கு, மத்த நாளெல்லாம் வசூல் கணக்கு" என்று பெரியவர் என்னிடம் சொல்வார்.

அவர் சொன்னது சட்டத்தின் தாத்பர்யமே. இந்திய தண்டனைச் சட்டத்தின் 415-ஆம் பிரிவு ஏமாற்றுதல் இன்னதென்று வரையறுத்து, அதன்மூலம் ஒருவரிடமிருந்து சொத்தைப் பெற்றுக்கொள்வதற்கு 420-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனையை விதித்தது. அந்த 420 என்ற எண், சட்டம் படிக்காத கோடிக்கணக்கான ஜனங்களின் பேச்சில் ஒரு வசைச் சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. மெக்காலேயின் தலைமையில் 1837-இல் முதல் நகல் தயாராகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாளில் அமலுக்கு வந்த அந்தச் சாசனத்தில், ஒவ்வொரு வரையறைக்கும் கீழே சின்னஞ்சிறு கதைகளைப் போன்ற உதாரணங்கள் கொடுக்கப்பட்டிருக்கும். 415-இன் கீழுள்ள உதாரணங்களை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படிக்கும்தோறும் அவற்றை அமைத்தவர்களின் லோகானுபவம் என்னை வியக்கவைக்கிறது. தான் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தன் என்று பொய் சொல்லிக் கடனுக்குச் சரக்கு வாங்குகிறவன், பொருளின்மேல் பொய் முத்திரை குத்துகிறவன், பொய்யான மாதிரியைக் காட்டிச் சரக்கை விற்கிறவன், வைரமல்ல என்று தெரிந்தே கற்களை வைரமென்று அடகு வைக்கிறவன், ஒருவருக்குக் கிரயம் செய்துகொடுத்த நிலத்தை அதை மறைத்து இன்னொருவருக்கு விற்கிறவன் என்று வரிசையாக வரும் அந்த மனிதர்களில் எங்கள் நீதிமன்ற வராந்தாவில் நான் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை.

அந்த வரிசையில் ஓர் உதாரணத்தின்மேல் எனக்குத் தனியான மரியாதை உண்டு. ஒருவன் நீலச் செடி கொடுப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறான். கொடுக்கும் எண்ணம் தொடக்கத்திலேயே இல்லாமல் வாங்கினால் அவன் ஏமாற்றியவன். கொடுக்கும் எண்ணத்தோடு வாங்கிவிட்டுப் பிறகு வாக்குத் தவறினால், அவன்மேல் சிவில் வழக்குத்தான் போடமுடியுமே தவிர அவன் ஏமாற்றியவன் ஆகமாட்டான் என்று அந்த உதாரணம் சொல்கிறது. இது சட்டமான காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1859-60இல் வங்காளத்துக் குடியானவர்கள், வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கையில் திணித்த முன்பணத்துக்காக நஷ்டத்தில் நீலம் பயிரிட மறுத்துக் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தை மீறும் குடியானவனைக் குற்றவாளியாக நடத்தவேண்டும் என்று துரைமார்கள் கேட்டார்கள். அரசாங்கமும் அந்த 1860-ஆம் ஆண்டிலேயே சில மாதங்களுக்கு மட்டும் அப்படி ஒரு தற்காலிகச் சட்டத்தைப் போட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் நிறைவேறிய தண்டனைச் சட்டமோ, வாக்குத் தவறிய ஏழையையும் வஞ்சித்து வாங்கிய கபடனையும் பிரித்து நிறுத்துகிற இந்தக் கோட்டை, நீலச் செடியையே உதாரணமாகக் காட்டி, ஸ்திரமாகப் போட்டுவிட்டது. கடன்பட்டவனுக்கு இந்த நாட்டில் கிடைத்த பாதுகாப்புகளில் இதை மிகப் பெரியதாகவே நான் கருதுகிறேன்.

ஆகவே, திருப்பித் தராத கடனையெல்லாம் மோசடி என்று எழுதித் தரும்படி கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். புரோநோட்டு எழுதி வாங்கிய கடனுக்கும், பாகஸ்தர்கள் பிரிந்ததில் வந்த கணக்குத் தகராறுக்கும், பருத்தி விலை சரிந்ததால் மில் முதலாளி கொடுக்கமுடியாமற்போன பாக்கிக்கும் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால், சிவில் நீதிமன்றத்தில் பல வருஷம் வாய்தா வாங்கவேண்டிய காரியம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று ஆசை காட்டுகிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். காசோலை திரும்பி வந்தால் அதற்கும் 420-ஐத்தான் முன்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்தேதியிட்டுக் கொடுத்த காசோலை என்பது எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதியேயன்றி, இன்றே வங்கியில் பணம் இருக்கிறதென்ற கூற்று ஆகாது என்பதால், அந்த வழக்குகளில் பல நிலைக்கவில்லை. 1989 ஏப்ரலில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு அமலுக்கு வந்து, மனத்தின் அந்தரங்கத்தை ஆராயாமலே காசோலை வழக்கை நடத்த வழி ஏற்பட்ட பிறகுதான் இந்தப் பிரயோகம் ஓரளவு குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம், வாக்குறுதி கொடுத்த அந்தத் தருணத்திலேயே கெட்ட எண்ணம் இருந்திருக்கவேண்டும், பின்னால் தவறியதை மட்டும் வைத்து அதை ஊகிக்கலாகாது என்று மறுபடியும் தெளிவாகச் சொல்லியும், கடன் வசூலுக்குக் காவல் நிலையப் படியேறும் வழக்கம் நின்றபாடில்லை. இந்த வழக்கத்தால் அநியாயமாக அலைக்கழிக்கப்படும் கடனாளிகளை எண்ணி வருந்துகிறேன். அவர்களைக் காட்டிலும் மெய்யாகவே வஞ்சிக்கப்பட்டவர்களை எண்ணி அதிகமாக வருந்துகிறேன். நாள்தோறும் பத்துப் பொய் மனுக்களைப் பார்த்துச் சலித்த அதிகாரி, பதினொன்றாவதாக வரும் உண்மையான மனுவையும், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்ற அதே வார்த்தையைச் சொல்லித் தள்ளிவிடுகிறார் அல்லவா?

பொய் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தில்லியில் ஒரு பெண் மருத்துவர், மோட்டார் காரொன்றைத் தம் கைக்குழந்தையின் பெயரில் வாங்கினார். பதிவுத் தாள்களிலும், விபத்துக்கு நஷ்டஈடு கேட்ட இன்ஷூரன்ஸ் தாள்களிலும் அந்தக் குழந்தையின் பெயரையே தம் கையெழுத்தாகப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1962 நவம்பரில் நீதிபதி சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு அவரை விடுவித்தது. பெயரில் பொய் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பொய்யால் அவருக்கு ஒரு அநியாய லாபமோ, கம்பெனிக்கு ஒரு நஷ்டமோ ஏற்படவில்லை, சொந்தப் பெயரில் கையெழுத்திட்டிருந்தாலும் அதே பணம்தான் கிடைத்திருக்கும் என்பது காரணம். வஞ்சனையும் அதனால் விளையும் தீங்கும் சேர்ந்தால்தான் சட்டத்தின் கண்ணில் மோசடி. தீங்கு என்றால் பணம் மட்டுமன்று. உடல், மனம், நற்பெயர் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டையும் 415-ஆம் பிரிவு சேர்த்தே சொல்லியிருக்கிறது.

தொடக்கத்தில் இருந்த கெட்ட எண்ணத்தை, அதுவும் இன்னொருவனுடைய நெஞ்சுக்குள் இருந்ததை, பல வருஷங்களுக்குப் பிறகு நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது என்று இளம் வக்கீல்கள் என்னைக் கேட்பதுண்டு. காகிதத்தில்தான் தேடவேண்டும் என்பேன். எதிரியின் மனம் பேசாது. அவன் கையெழுத்திட்ட தேதிகள் பேசும்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், தமக்குக் கிடைத்த பணிக்கொடையைக் கொண்டு நகரத்துக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கினார். வேலி போடப் போன இடத்தில், அந்த மனை தமக்கு ஏற்கெனவே கிரயமாகியிருக்கிறது என்று பத்திரத்தோடு இன்னொருவர் வந்து நின்றார். விற்றவரோ, "ஆபீஸ்ல மனை நம்பர் மாறிப்போச்சு, வேற மனை தர்றேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷம் கடத்தினார். காவல் நிலையமும் அதை நம்பர் மாறிய தகராறாகவே எடுத்துக்கொண்டது. ஆசிரியர் என்னிடம் கொண்டுவந்த கட்டில், விற்றவர் அவருக்குக் காட்டிய வில்லங்கச் சான்று இருந்தது. வில்லங்கம் எதுவும் இல்லை என்று சார்பதிவாளர் அலுவலக முத்திரையோடு இருந்த அந்தத் தாளின் தலைப்பில், எந்தக் காலத்துக்குத் தேடப்பட்டது என்ற வரியில், 1-1-1970 முதல் 31-12-1993 வரை என்று எழுதியிருந்தது. முதல் ஆசாமிக்குக் கிரயம் பதிவானது 1994 ஜனவரி மூன்றாம் வாரத்தில். சான்று பொய்யன்று, அரசாங்க ஊழியர் எவரும் தவறு செய்யவில்லை, கேட்ட காலத்துக்குத் தேடிப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சான்றுக்காக விற்றவர் கொடுத்த மனுவை நீதிமன்றத்தின் மூலம் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வரவழைத்தோம். அதில் அவருடைய கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி 1994 பிப்ரவரி. முதல் கிரயத்தில் கையெழுத்துப் போட்ட மை உலர்ந்து சில வாரங்களே ஆன நிலையில், அதை மட்டும் விலக்கி, டிசம்பர்வரை தேடிக் கொடுக்கும்படி அவரே எழுதிக் கேட்டிருக்கிறார். மனை எண் மாறிப்போனவர் ஜனவரியை ஏன் விலக்கவேண்டும்? உண்மையைக் கபடமாக மறைப்பதும் ஏமாற்றுவதே என்று 415-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. அந்த விளக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் கண்டதில்லை.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், இந்த வகை வழக்குகளில் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்: "முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தின நீங்க, தேதியைப் பார்க்கலையா?" சாட்சிக் கூண்டில் நின்ற அந்தப் பெரியவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பார்த்தேனுங்க. டிசம்பர் வரைக்கும் பார்த்திருக்காங்கன்னு தெரியும். ஜனவரியிலே இவரே வித்திருப்பாருன்னு எனக்குத் தோணலைங்க" என்றார். நடுவர் அந்தப் பதிலை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்துகொண்டார்.

அந்தக் கேள்வியின்மேல் எனக்குத் தீராத ஆட்சேபம் உண்டு. ஏமாந்தவன் எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே என்பது ஏமாற்றியவனுக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு சமாதானமாகச் சொல்லப்படவில்லை. திறந்து கிடந்த வீட்டில் புகுந்தவனும் திருடனே. ஆயினும் நீதிமன்றத்திலும், அதைக் காட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் கோயில் வாசலிலும், முதலில் விசாரணைக்குள்ளாகிறவர் ஏமாந்தவரே. எங்கள் பக்கத்தில் ஈமு கோழிப் பண்ணைகளின் பெயரால் பணம் திரட்டிய கம்பெனிகள் 2012-இல் சரிந்தபோது நான் இதை அருகிலிருந்து கண்டேன். முன்பணம் கட்டினால் குஞ்சும், தீவனமும், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருவதாகச் சொல்லப்பட்டதை நம்பி, வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டிருந்த குடியானவர்கள் கொட்டகையும் வேலியும் போட்டார்கள். மாதத் தொகை சில காலம் ஒழுங்காகவே வந்தது. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணத்திலிருந்து பழையவருக்குக் கொடுக்கப்பட்டது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 1990-களில் நிதி நிறுவனங்கள் சரிந்த பிறகு இதற்கென்றே இயற்றப்பட்ட 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், மனுக் கொடுக்க வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நான் அறிவேன். பணம் போனதை அவர்களால் தாங்க முடிந்தது; "பேராசைப்பட்டியல்ல, வேணும் உனக்கு" என்று பங்காளிகள் சொல்வதைத் தாங்க முடியவில்லை. வாக்குத் தவறிய கடனாளியைக் கூசாமல் மோசடிக்காரன் என்று மேடைபோட்டுச் சொல்கிற அதே ஊர், மெய்யாக வஞ்சிக்கப்பட்டவனிடம் வரும்போது அந்தச் சொல்லை மறந்து, அவனுடைய ஆசையைப் பற்றிப் பேசுகிறது.

யார் ஏமாற்றப்பட்டவர் என்பதிலேயே சில சமயம் குழப்பம் நேர்வதுண்டு. ஒருவருடைய நிலத்தைத் தன்னுடையதென்று சொல்லி வேறொருவன் விற்றுவிட்டால், நிலத்துக்குடையவர்தாம் முதலில் ஓடிவருவார். ஆனால் பொய்யைக் கேட்டு, அதை நம்பிப் பணம் கொடுத்தவர் வாங்கியவரே ஆதலால், மோசடி என்று பிராது கொடுக்கும் உரிமை அவருடையது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைக் கவனியாமல் உடையவர் பெயரில் பிராது தயாரித்து, உயர்நீதிமன்றத்தில் ரத்தாகிப்போன வழக்குகள் பல.

ஆசிரியர் வழக்கில் எதிரிக்கு இரண்டாண்டுத் தண்டனை கிடைத்தது. அப்பீல் நிலுவையிலிருக்கும்போது, எதிரியின் தமையனார் என் அலுவலகத்துக்கு வந்து, கிரயத் தொகையையும் வட்டியையும் வழக்குச் செலவையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாகவும், ராஜியாகப் போகவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். 420-ஆம் பிரிவுக் குற்றம் நீதிமன்றத்தின் அனுமதியோடு ராஜியாகக்கூடியது. ராஜியானால் எதிரி விடுதலை செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். ஆசிரியருக்கு இதை விளக்கினேன். அவர் மனைவிக்கு அப்போது வைத்தியச் செலவு இருந்தது; பணம் அவசியமாகத் தேவைப்பட்டது. இருந்தும் அவர் கேட்டது பணத்தைப் பற்றியன்று. "வக்கீல் சார், ராஜி ஆயிட்டா அவன் மோசடி பண்ணலைன்னு ஆயிடுமா?" என்றார். சட்டப்படி தண்டனை இல்லாமற்போகும், கீழ் நீதிமன்றத்துத் தீர்ப்பில் எழுதிய காரணங்கள் எழுதியவைதாம், ஆனால் அவற்றுக்குப் பலன் இராது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் ராஜிக்கு ஒப்புக்கொண்டார். வஞ்சிக்கப்பட்ட மனிதன் நீதிமன்றத்தில் தேடுவது பணத்தை மட்டுமன்று, நடந்ததற்கு அதன் சரியான பெயரை ஓர் அதிகாரமுள்ள வாய் உரக்கச் சொல்லவேண்டும் என்பதையுமே என்று நான் அன்று உணர்ந்துகொண்டேன். அதற்குப் பின் பிராது எழுதும்போதெல்லாம் அந்த உணர்வோடுதான் எழுதுகிறேன்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 415-உம் 420-உம் சேர்ந்து 318-ஆம் பிரிவுக்குள் அடங்கிவிட்டன. வரையறையின் சாரம் மாறவில்லை. மாறியிருப்பது ஏமாற்றுகிறவர்களின் வழி. இப்போது என் மேஜைக்கு எதிரே வந்து அமர்கிறவர்கள், தங்களை ஏமாற்றியவரின் முகத்தைப் பார்த்ததேயில்லை. கைபேசியில் சுங்க அதிகாரி என்றும், மும்பைப் போலீஸ் என்றும், வங்கி மேலாளர் என்றும் பேசிய ஒரு குரல் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தன் என்று பொய் சொல்லி வந்த பழைய உதாரணத்து மனிதன்தான் இவன். வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டான், அவ்வளவே. இங்கே முதல் நாளின் கெட்ட எண்ணத்தை நிரூபிக்க எந்தச் சிரமமும் இல்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் சொன்ன கணத்திலேயே பொய். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஆகையால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தீர்களா என்பதே. பணம் அடுத்தடுத்த வங்கிக் கணக்குகளுக்குத் தாவிப் போவதற்குள் அதை முடக்கி வைப்பதற்கு முதல் சில மணி நேரமே உதவும்.

சென்ற மாதம் ஒரு செவிலியர் வந்தார். கூரியர் பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டதாகச் சொல்லி, வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் ஓர் இரவு முழுவதும் அவரை அறையை விட்டு நகரவிடாமல் வைத்து, சேமிப்பை முழுவதும் அனுப்பச் செய்திருக்கிறான். அவர் தாமாகவே எழுதிக் கொண்டுவந்த மனுவில், "ஆசை வார்த்தை கூறி மோசடி செய்துவிட்டனர்" என்று யாரோ சொல்லிக்கொடுத்த வாக்கியம் முதல் வரியாக இருந்தது. யாரும் அவருக்கு ஆசை வார்த்தை கூறவில்லை, அச்சுறுத்தியிருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, அந்தக் குரல் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டது, எந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னது, எந்தக் கணக்குக்கு எவ்வளவு அனுப்பச் சொன்னது, நடுவில் அவர் அழுதபோது என்ன பதில் சொன்னது என்பதையெல்லாம் வரிசையாக, கேட்டது கேட்டபடி எழுதச் சொன்னேன். எழுதி முடிக்க ஒரு பகல் ஆயிற்று. 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவையும் குறித்து மனுவைச் சைபர் குற்றப் பிரிவில் கொடுத்தோம். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது, பணத்தில் ஒரு பகுதி வேறு மாநிலத்து வங்கிக் கணக்கொன்றில் முடக்கப்பட்டிருக்கிறது, அதைத் திரும்பப் பெறுவதற்கான மனு அடுத்த வாய்தாவில் விசாரணைக்கு வருகிறது.